செப்புத் தகட்டில் ஒரு பொறி: லேசர் பிளாஸ்மாவின் வெப்பநிலையை நம்புவது எப்போது?

செப்புத் தகட்டின்மேல் 50 மில்லி ஜூல் லேசர் துடிப்பைக் குவித்தால் டப்பென்று ஒரு சத்தம், பச்சை விளிம்போடு ஒரு வெள்ளைப் பொறி. எலக்ட்ரான்களும் அயனிகளும் கலந்த சூடான வாயு, அதாவது பிளாஸ்மா. அந்த ஒளியை ஃபைபரில் வாங்கி ஸ்பெக்ட்ரோமீட்டருக்குள் விட்டால் நிறமாலை வந்துவிடும். அதில் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய அலைநீளங்களில் கூர்மையான கோடுகளாகத் தெரியும். மென்பொருளில் அப்படி நாலு கோடுகளைத் தேர்ந்தெடுத்தால் வெப்பநிலையும் வந்துவிடும், 11,437 கெல்வின் என்று கடைசி இலக்கம் வரை. அலைன்மென்ட் எவ்வளவு மோசமாக இருந்தாலும் ஏதோ ஓர் எண் வந்தே தீரும். சிக்கலே அதுதான். பொறி கிளம்பி எத்தனை நானோ நொடி கழித்து அளந்தோம், பொறியின் எந்தப் பகுதியிலிருந்து ஒளி வந்தது, அந்தக் கோடுகள் வெளியே வரும் வழியில் எவ்வளவு விழுங்கப்பட்டன என்ற மூன்றுக்கும் பதில் இல்லாவிட்டால் அந்த எண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

எடுத்துக்காட்டுக்குச் செம்பையே எடுத்துக்கொள்வோம். தூய தகடு எளிதாகக் கிடைக்கும். பச்சைப் பகுதியில் அதன் கோடுகள் சுத்தமாகவும் பக்கத்துப் பக்கத்திலும் இருக்கின்றன. பழகுவதற்கு இதைவிட நல்ல உலோகம் இல்லை. இரும்பில் தொடங்குகிறவர்கள் ஆயிரக்கணக்கான கோடுகளுக்கு நடுவே திசை தெரியாமல் நிற்பார்கள்.

பொறியின் வாழ்நாள்

துடிப்பின் அகலம் 6 நானோ நொடி என்று வைத்துக்கொள்வோம். முதல் ஓரிரு நானோ நொடியில் உலோகப் பரப்பு உருகி ஆவியாகத் தொடங்குகிறது. ஆவியில் இருக்கும் சில எலக்ட்ரான்கள் மிச்சத் துடிப்பின் ஆற்றலை உறிஞ்சி வேகமெடுத்து, மற்ற அணுக்களை மோதி அயனியாக்குகின்றன. எலக்ட்ரான் பெருகப் பெருக உறிஞ்சலும் பெருகும். ஒரு கட்டத்தில் பிளாஸ்மாவே திரையாக நின்று, துடிப்பின் வால்பகுதியைத் தகட்டைத் தொட விடாது. 1064 நானோமீட்டரில் இந்தத் திரை தடிமனாக இருக்கும், 266-இல் மெல்லியதாக இருக்கும். அதனால் ஆற்றலை இரண்டு மடங்கு ஆக்கினால் குழியும் இரண்டு மடங்கு ஆழமாகும் என்று கணக்குப் போட முடியாது. ஓர் அளவுக்கு மேல் ஏற்றும் ஆற்றல் எல்லாம் பிளாஸ்மாவைச் சூடாக்கத்தான் போகிறது.

முதல் 100 நானோ நொடிக்குள் எலக்ட்ரான் அடர்த்தி கன செ.மீ.க்கு 10¹⁸ முதல் 10¹⁹ வரை இருக்கும். அப்போது எடுத்த நிறமாலையில் கோடுகள் அநேகமாகத் தெரியாது. அயனிகளுக்கு அருகே வளைந்து செல்லும் எலக்ட்ரான்களும் அயனியோடு சேரும் எலக்ட்ரான்களும் விடுகிற தொடர் ஒளி எல்லாவற்றையும் மூடிவிடும். சில நூறு நானோ நொடியில் அயனிக் கோடுகள் அகல அகலமாகத் தலைதூக்கும். 1 மைக்ரோ நொடி சுமாருக்குத் தொடர் ஒளி வடிந்து, நடுநிலை அணுக்களின் கோடுகள் கூர்மையாக நிற்கும். அடர்த்தி 10¹⁷-ஐ ஒட்டி இறங்கியிருக்கும். வெப்பநிலை 1 எலக்ட்ரான் வோல்ட்டைச் சுற்றி, அதாவது 11,600 கெல்வின் அளவில் இருக்கும். இன்னும் பிந்தினால் மூலக்கூறுப் பட்டைகள் வரும். அலுமினியத் தகடானால் 484 நானோமீட்டரில் அலுமினியம் ஆக்சைடு, கரிமப் பொருளானால் 388-இல் சயனோஜன்.

இவ்வளவும் எவ்வளவு இடத்தில் நடக்கிறது? பொறி காற்றில் தள்ளும் அதிர்வலையின் ஆரத்தைத் தரும் செடோவ்-டெய்லர் சூத்திரத்தில், காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.2 கிலோ, அரைக்கோளத்துக்குள் போன ஆற்றல் 25 மில்லி ஜூல் என்று போட்டால், 1 மைக்ரோ நொடியில் ஆரம் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் வருகிறது. ஒரு மிளகளவு இடம். அதற்குள்ளேயே நடுப்பகுதி சூடாகவும் ஓரம் குளிர்ந்தும் இருக்கிறது. பின்னால் வரப்போகிற தொல்லைகளில் பாதிக்கு இந்த ஏற்றத்தாழ்வே காரணம்.

சுற்றியிருக்கும் வாயு மாறினால் இந்தக் கடிகாரமே மாறிவிடும். செவ்வாயில் காற்றழுத்தம் சில மில்லிபார்தான். அங்கே பொறி எளிதாக விரிகிறது, அடர்த்தி சீக்கிரம் விழுகிறது, தொடர் ஒளியின் தொல்லை குறைவு. 2012 ஆகஸ்ட் 19-இல் நாசாவின் கியூரியாசிட்டி ஊர்தியில் உள்ள கெம்கேம் கருவி 'கரோனேஷன்' என்று பெயரிட்ட கல்லை 10 நொடியில் 30 முறை சுட்டபோது, அதன் ஸ்பெக்ட்ரோமீட்டர்களில் ஒளியைச் சில நானோ நொடிக்கு மட்டும் உள்ளே விடும் மின்னணுக் கதவு எதுவும் இல்லை. பொறியின் முழு ஒளியையும் சேர்த்தே வாங்கியது. அந்த அழுத்தத்தில் அதுவே போதுமானதாக இருந்தது. நிலவில் காற்றே இல்லை. பிளாஸ்மாவைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லாததால் அது நொடியில் விரிந்து மங்கிவிடும். 2023 ஆகஸ்ட் 23-இல் இறங்கிய சந்திரயான்-3இன் பிரக்யான் ஊர்தியில் இருந்த லிப்ஸ் (லேசர் பொறியின் நிறமாலையிலிருந்து தனிமம் கண்டறியும் முறை) கருவி, பெங்களூரில் இஸ்ரோவின் மின்-ஒளியியல் ஆய்வகம் செய்தது. அந்த வெற்றிடத்தில்தான் தென்துருவப் பக்கத்து மண்ணில் கந்தகம் இருப்பதை அது காட்டியது. நம் மேஜைமேல் இருப்பது ஒரு வளிமண்டல அழுத்தம். இங்கே கதவு இல்லாமல் வேலை நடக்காது.

குவிப்பது

1064 நானோமீட்டர் நியோடிமியம் யாக் லேசர், 6 மி.மீ. கற்றை, 100 மி.மீ. குவியத்தூரம் உள்ள தட்டை-குவி லென்ஸ். வளைந்த பக்கம் லேசரைப் பார்க்க வேண்டும். திருப்பி மாட்டினால் ஓரக் கதிர்களும் நடுக் கதிர்களும் வெவ்வேறு இடத்தில் குவியும் கோளப்பிறழ்ச்சி கூடிப் புள்ளி பெரிதாகும். கணக்குப்படி விளிம்பு விளைவு மட்டும் இருந்தால் புள்ளி 23 மைக்ரான்தான் வரவேண்டும். பல முறைகள் கலந்து வரும் நடைமுறைக் கற்றையில் 100 மைக்ரான் வந்தால் நல்லது. 50 மில்லி ஜூலை 6 நானோ நொடியால் வகுத்தால் 8.3 மெகாவாட், 100 மைக்ரான் புள்ளியில் அது சதுர செ.மீ.க்கு 10¹¹ வாட்.

இங்கேதான் முதல் தவறு நடக்கிறது. கூர்மையான குவியத்தைச் சரியாகப் பரப்பின்மேல் வைக்கிறார்கள். 10¹¹ வாட் என்பது காற்றே உடைந்து பொறி கக்கும் அளவு. ஒரு தூசி வந்தால்கூடப் பரப்புக்கு மேலே காற்றில் பொறி கிளம்பும், ஆற்றல் அங்கேயே தீர்ந்துவிடும், தகட்டுக்குப் போவது ஷாட்டுக்கு ஷாட் மாறும். குவியத்தை 3 மி.மீ. பரப்புக்குள்ளே தள்ளுங்கள். பரப்பில் புள்ளி 200 மைக்ரானாக விரியும், செறிவு 2.6 × 10¹⁰ வாட்டாக இறங்கும். உலோகத்துக்கு அது தாராளம். காற்றுப் பொறியின் தொல்லை இருக்காது, தகடு கால் மி.மீ. மேடுபள்ளமாக இருந்தாலும் பெரிய வித்தியாசம் தெரியாது.

ஆற்றலைக் குறைக்க வேண்டுமானால் லேசருக்கு ஆற்றல் ஊட்டும் மின்னல் விளக்கின் வோல்டேஜைத் தொடாதீர்கள். அதைத் தொட்டால் துடிப்பின் அகலம், கற்றையின் வடிவம், வெளிவரும் நேரம் எல்லாமே சேர்ந்து மாறும். லேசரை அதன் இயல்பு நிலையில் ஓடவிட்டு, வெளியே ஓர் அரை அலைத்தகடும் போலரைசரும் வைத்துத் திருகிக் குறைப்பதே சரி. ஆற்றல் மீட்டரை லென்ஸுக்கும் ஜன்னலுக்கும் பிறகு, குவியத்துக்கு வெகு முன்பாக வைத்து அளக்கவேண்டும். குவியத்தில் வைத்தால் மீட்டரின் தலை போய்விடும். லேசர் மேல் ஒட்டியிருக்கும் சீட்டின் எண்ணை அறிக்கையில் எழுதுவது நம்மிடையே பரவலாக இருக்கிற ஒரு கெட்ட பழக்கம்.

பாதுகாப்பைப் பற்றி ஒரே பத்தி. 1064 கண்ணுக்குத் தெரியாது, இமைக்கும் அனிச்சை உதவாது, விழித்திரையில்தான் குவியும். பளபளப்பான செம்பு இந்த அலைநீளத்தில் 95 சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பும். அந்த அலைநீளத்துக்கே உரிய, ஓ.டி. (ஒளி அடர்த்தி) 6-க்குக் குறையாத, அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் ஒளியை விடாத கண்ணாடி அறையில் இருக்கும் எல்லோருக்கும் வேண்டும். மோதிரம், கடிகாரம் வெளியே. ஈயம், பெரிலியம் கலந்த மாதிரியானால் உறிஞ்சு குழாய் இல்லாமல் சுடவே கூடாது. பறப்பது நானோ தூசி.

ஒளியை வாங்குவது

மிளகளவுப் பொறியின் எந்த இடத்தைப் பார்க்கிறோம் என்பதைத் தீர்மானிப்பது வாங்கும் லென்ஸ். பக்கவாட்டில் ஒற்றை லென்ஸ் வைத்துப் பொறியின் பிம்பத்தை ஃபைபர் முனையில் போடுவது எல்லோரும் செய்வது. அதில் ஒரு கண்ணி இருக்கிறது. குவார்ட்ஸ் லென்ஸின் குவியத்தூரம் அலைநீளத்துக்கு அலைநீளம் மாறும். பச்சைக்குச் சரியாகக் குவித்தால் 250 நானோமீட்டர் ஒளி முன்னாலேயே குவிந்து, ஃபைபருக்கு வரும்போது பரந்திருக்கும். விளைவு: புற ஊதாக் கோடு பொறியின் ஒரு பகுதியிலிருந்தும், சிவப்புக் கோடு வேறு பகுதியிலிருந்தும் வருகிறது. இரண்டையும் ஒரே வரைபடத்தில் போட்டு வெப்பநிலை காண்பது இரண்டு ஊர்களின் மழையைக் கூட்டிச் சராசரி போடுவதற்குச் சமம். வளைவு ஆடிகளால் ஒளி வாங்கினால் இந்தக் கோளாறு இல்லை. ஆடி இல்லையானால், பயன்படுத்தும் கோடுகளையாவது நெருக்கமான அலைநீளத்துக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். செம்பின் பச்சைக் கோடுகள் இங்கே கைகொடுக்கும்.

ஃபைபரிலும் கவனம் வேண்டும். சாதாரண ஃபைபர் 250 நானோமீட்டருக்குக் கீழே மங்கும். புற ஊதா ஒளியைத் தொடர்ந்து வாங்கினால் அதன் கடத்துதிறன் நாளடைவில் குறையும். போன மாதத்துத் திருத்தக் கோவையை இந்த மாத அளவுக்குப் போட்டால் புற ஊதாப் பக்கம் தவறும். பொறியை மிக நெருங்கி வைத்தால் ஃபைபர் முனையில் செம்புப் படலம் படியும். 190 நானோமீட்டருக்குக் கீழே காற்றின் ஆக்சிஜனே ஒளியை விழுங்கும்; கந்தகத்தின் 180.7 கோட்டை இரும்பில் தேடுகிறவர்கள் ஒளிப்பாதை முழுவதும் ஆர்கானோ நைட்ரஜனோ ஓடவிடுவது அதற்காகத்தான்.

ஸ்பெக்ட்ரோமீட்டர் 500 மி.மீ. செர்னி-டர்னர் (இரண்டு குழி ஆடிகள் கொண்ட அமைப்பு), ஒளியைப் பிரிக்கும் கிரேட்டிங்கில் மி.மீ.க்கு 1200 கோடு என்றால், கேமராப் பரப்பில் பரவல் மி.மீ.க்கு 1.6 நானோமீட்டர். 13 மைக்ரான் பிக்ஸல் 1024 கொண்ட ஐசிசிடி (ஒளியைப் பெருக்கி வாங்கும்) கேமராவில் ஒரே பார்வையில் 21 நானோமீட்டர் விழும். செம்பின் 510.55, 515.32, 521.82 மூன்றும் அதற்குள் அடங்கிவிடும். கூர்மை வேண்டுமென்று 2400 கோடு கிரேட்டிங்குக்கு மாறினால் ஜன்னல் பாதியாகச் சுருங்கி மூன்றாவது கோடு வெளியே போய்விடும். பிறகு கிரேட்டிங்கைத் திருப்பி இரண்டு முறையாக எடுக்க வேண்டும். ஷாட்டுக்கு ஷாட் உள்ள ஏற்ற இறக்கம் விகிதத்துக்குள் புகுந்துவிடும். இந்த வேலைக்குக் குறைந்த கூர்மையும் அகல ஜன்னலுமே மேல்.

கிரேட்டிங் ஓர் ஒளியை அதன் இரு மடங்கு அலைநீளத்தின் இடத்திலும் போடும்; இந்த இரண்டாம் வரிசை ஒளியை மறக்கக்கூடாது. மெக்னீசியம் அயனியின் 279.55 கோடு 559.1-இல் போலியாக வந்து நிற்கும். 500-க்கு மேல் பார்க்கும்போது ஸ்லிட்டுக்கு முன்னால் நீள அலைகளை மட்டும் விடும் ஃபில்டர் ஒன்று கட்டாயம். கோடுகளை அடையாளம் காணும்போது இன்னொன்று: தரவுத்தளங்கள் காற்று அலைநீளம், வெற்றிட அலைநீளம் என்று இரண்டு விதமாகத் தரும். 500 நானோமீட்டரில் இரண்டுக்கும் 0.14 வித்தியாசம். கோடு 'இடம் மாறியிருக்கிறது' என்று வரும் குழப்பங்களில் கணிசமானவை இதனால்தான்.

எப்போது கதவைத் திறப்பது

ஐசிசிடியின் மின்னணுக் கதவைச் சில நானோ நொடிக்கு மட்டும் திறந்து மூடலாம். திறக்கும் நேரம் டிலே, திறந்திருக்கும் நேரம் கேட். இரண்டும் எங்கிருந்து எண்ணப்படுகின்றன என்பதே முதல் கேள்வி. மின்னல் விளக்கு எரிந்து 150 முதல் 200 மைக்ரோ நொடி கழித்துதான், சேர்ந்த ஆற்றலை ஒரே துடிப்பாக வெளியே விடும் கியூ-சுவிட்ச் திறக்கும். விளக்கின் ட்ரிகரிலிருந்து எண்ணினால் லேசரின் ஆட்டம் முழுவதும் அளவில் சேரும். கியூ-சுவிட்ச் வெளியீட்டிலிருந்தோ, கற்றையில் ஒரு துளியை வாங்கும் ஃபோட்டோடையோடிலிருந்தோ எண்ணவேண்டும். கேபிள் மீட்டருக்கு 5 நானோ நொடி தின்னும். கேமராவுக்குள் இன்னும் சில பத்து நானோ நொடி போகும். ஆகவே திரையில் 'டிலே 0' என்றிருப்பது பொறியின் பிறப்பல்ல. கேட்டை 5 நானோ நொடியாக்கி, டிலேயை 2 நானோ நொடி படிகளில் நகர்த்தி, முதல் ஒளி எந்தப் படியில் தெரிகிறதோ அதைப் பூஜ்யம் என்று குறித்துக்கொள்ளுங்கள். கேபிளை மாற்றினால் மறுபடியும் செய்யவேண்டும்.

பிறகு 200 நானோ நொடியிலிருந்து 5 மைக்ரோ நொடி வரை டிலேயை நகர்த்தி வரிசையாக எடுங்கள். கோட்டின் உயரத்தைப் பின்னணியால் வகுத்த விகிதம் ஏறி, உச்சத்துக்குப் போய், பிறகு கோடே மங்குவதால் இரைச்சலில் அமிழும். பகுப்பாய்வுக்கு அந்த உச்சம் போதும். வெப்பநிலைக்குக் கேட்டின் அகலமும் முக்கியம். 1 மைக்ரோ நொடி டிலேயில் 5 மைக்ரோ நொடி கேட் திறந்தால், 11,000 கெல்வினும் 7,000 கெல்வினும் ஒரே கோட்டில் கூடி விழும். அதிலும் கூட்டல் எல்லாக் கோட்டுக்கும் ஒரே மாதிரி நடக்காது: உயர் ஆற்றல் நிலையிலிருந்து வரும் கோடு முன்பகுதியில் மட்டும் பிரகாசிக்கும், தாழ்நிலைக் கோடு கடைசி வரை எரியும். வரும் எண் எந்த நேரத்துக்கும் உரியதாக இருக்காது. கேட் டிலேயில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருப்பது நல்ல வழக்கம்: 1 மைக்ரோ நொடிக்கு 200 நானோ நொடி, 5-க்கு 1. ஒளி போதாவிட்டால் கேட்டை அகட்டாமல் ஷாட்டுகளைக் கூட்டுங்கள், 50 அல்லது 100. கேமராவின் பெருக்கத்தை ஏற்றுவது கடைசி வழி. வலிமையான கோடு நிறைவுற்று மொட்டையாகும், அது திரையில் உடனே தெரியவும் தெரியாது.

கையடக்க சிசிடி ஸ்பெக்ட்ரோமீட்டர் வைத்திருப்பவர்களுக்குக் கதவின் ஒரு பக்கம்தான் கிடைக்கும். அவற்றின் குறைந்தபட்ச எக்ஸ்போஷரே 1 மில்லி நொடி அளவு. பொறி அதற்குள் பிறந்து செத்துவிடும். திறக்கும் நேரத்தை மட்டும் தள்ளிப்போட்டுத் தொடர் ஒளியைத் தவிர்க்கலாம். தனிமம் கண்டறிய, செறிவு காண அது போதும். அதில் எடுத்த வெப்பநிலையைக் கருவியின் அன்றாட நலத்தைச் சரிபார்க்க வைத்துக்கொள்ளுங்கள்; பிளாஸ்மா இயற்பியல் என்று எழுதிவிடாதீர்கள்.

மூன்று பச்சைக் கோடுகள்

கோடுகளின் பரப்பிலிருந்து வெப்பநிலை காணும் போல்ட்ஸ்மன் வரைபடத்தின் செய்முறை எளிது. கோட்டின் பரப்பை அலைநீளத்தால் பெருக்கி, மேல்நிலையின் (ஒளி விடுமுன் அணு இருந்த ஆற்றல் நிலை) புள்ளியியல் எடை, நிலைமாற்ற வீதம் இரண்டின் பெருக்கலால் வகுத்து, இயல்மடக்கை எடுத்து, மேல்நிலை ஆற்றலுக்கு எதிராகக் குறித்தால் நேர்கோடு. சரிவு வெப்பநிலையைச் சொல்லும். உயரத்தை எடுக்கக் கூடாது, பரப்பைத்தான் எடுக்க வேண்டும். கோடுகளின் அகலம் ஒன்றுபோல் இல்லை.

செம்பின் 510.55 கோட்டின் மேல்நிலை 3.82 எலக்ட்ரான் வோல்ட், எடை 4, வீதம் நொடிக்கு 2 × 10⁶. செம்பு ஆவி லேசர் பச்சையாக ஒளிர்வதும் இதே கோட்டில்தான். 521.82 கோட்டுக்கு 6.19 எலக்ட்ரான் வோல்ட், எடை 6, வீதம் 7.5 × 10⁷. 515.32-க்கும் மேல்நிலை 6.19-தான், எடை 4, வீதம் 6 × 10⁷. இவற்றைப் போட்டுப் பார்த்தால் 521-க்கும் 510-க்கும் உள்ள பரப்பு விகிதம் 10,000 கெல்வினில் 3.5, 12,000-இல் 5.5. வெப்பநிலை 20 சதவீதம் ஏறினால் விகிதம் 58 சதவீதம் ஏறுகிறது. ஆற்றல் இடைவெளி 2.37 எலக்ட்ரான் வோல்ட் இருப்பதால் கிடைக்கும் வசதி இது: விகிதத்தில் 10 சதவீதம் பிழை வந்தாலும் வெப்பநிலையில் 4 சதவீதத்துக்குள் அடங்கும். இடைவெளி அரை எலக்ட்ரான் வோல்ட்டாக இருந்தால் அதே 10 சதவீதம் 17 சதவீதமாகப் பெருகும்.

515-க்கும் 521-க்கும் மேல்நிலை ஆற்றல் அநேகமாக ஒன்றே. அந்த ஜோடியிலிருந்து வெப்பநிலை வரவே வராது. பித்தளையில் துத்தநாகத்தின் 468.0, 472.2, 481.1 மூன்றும் பளிச்சென்று நிற்பதைப் பார்த்து ஆசைப்படுவோர் உண்டு. அவையோ ஒரே மேல்நிலையிலிருந்து வருபவை. மூன்று புள்ளியும் ஒரே செங்குத்துக் கோட்டில் உட்கார்ந்திருக்கும்.

ஆனால் வெப்பநிலைக்கு உதவாத ஜோடிதான் நேர்மையைச் சோதிக்க உதவும். மேல்நிலை ஆற்றல் ஒன்றே என்பதால் 521-க்கும் 515-க்கும் உள்ள விகிதம் எந்தச் சூட்டிலும் 1.85 இருந்தாக வேண்டும். 1.5 வருகிறதா? ஒன்று ஸ்பெக்ட்ரோமீட்டரின் உணர்திறன் திருத்தப்படவில்லை, அல்லது கேமரா நிறைவுறுகிறது, அல்லது வலிமையான கோடு வெளியே வரும் வழியில் குளிர்ந்த ஓரத்துச் செம்பு அணுக்களால் விழுங்கப்படுகிறது. இந்தக் கடைசிக் கோளாறுதான் சுய உட்கவர்தல். அதை அப்பட்டமாகப் பார்க்க வேண்டுமானால் 324.75, 327.40 ஜோடிக்குப் போங்கள். அவை அணுவின் மிகத் தாழ்ந்த ஆற்றல் நிலையான தரைநிலையில் முடியும் கோடுகள். விகிதம் 2-ஐ ஒட்டி வரவேண்டும். தூய செம்புத் தகட்டில் 1-ஐ நோக்கி இறங்கும், பல நேரம் கோட்டின் உச்சியிலேயே பள்ளம் விழுந்து ஒரு கோடு இரண்டாகத் தெரியும். புதியவர்கள் அதை இரண்டு தனிக்கோடுகள் என்று குறித்துவைப்பதும் உண்டு.

உட்கவர்தல் வெப்பநிலையை எந்தப் பக்கம் இழுக்கும் என்பது எந்தக் கோடு தேய்கிறது என்பதைப் பொறுத்தது. 510 தேய்ந்தால் விகிதம் கூடிச் சூடு அதிகமாகத் தோன்றும். 521 தேய்ந்தால் குறைவாகத் தோன்றும். அதனால் 'சுமார் இத்தனை சதவீதம் பிழை' என்று மொத்தமாகச் சொல்லிவிட்டு நகர முடியாது. செம்பு குறைவாகக் கலந்த உலோகக்கலவையில் அதே அளவை எடுத்து ஒப்பிடுவது நல்ல சோதனை. வீதங்களின் பிழையும் சேரும்: அமெரிக்காவின் நிஸ்ட் தரவுத்தளம் ஒவ்வொரு வீதத்துக்கும் தரக்குறி தருகிறது. பி என்றால் 10 சதவீதத்துக்குள், சி என்றால் 25, டி என்றால் 50. டி தரக் கோடுகளை வரைபடத்தில் சேர்த்துப் புள்ளிகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதைவிட நல்ல கோடுகள் நாலோடு நிறுத்திக்கொள்வது மேல்.

எலக்ட்ரான் அடர்த்தி

அடர்த்தியைக் கோட்டின் அகலத்திலிருந்து எடுக்கிறோம். சுற்றியுள்ள எலக்ட்ரான்கள், அயனிகளின் மின்புலம் அணுவின் ஆற்றல் நிலைகளைக் கலைப்பதால் கோடு விரிகிறது. இது ஸ்டார்க் விரிவு. ஹைட்ரஜனுக்கு இது மிக அதிகம். காற்றின் ஈரப்பதத்திலிருந்தே 656.28-இல் ஹைட்ரஜன் ஆல்ஃபா கோடு கிடைத்துவிடும். அடர்த்தி 10¹⁷ இருக்கும்போது அதன் பரப்பின் பாதியை அடக்கும் அகலம் 1.10 நானோமீட்டர்; அடர்த்தி அந்த அகலத்தின் 1.47 அடுக்காக மாறும். அளந்த அகலம் 0.5 என்றால் அடர்த்தி 3.1 × 10¹⁶. கவனிக்கவேண்டியது: இந்தச் சூத்திரத்தில் வருவது பாதிப் பரப்பின் அகலம். பாதி உயரத்தின் அகலத்தைக் கொண்டுபோய் இதில் போடுவது அடிக்கடி நடக்கிறது.

கருவியின் சொந்த அகலத்தை முதலில் பாதரச விளக்கின் 546.07 கோட்டில் அளந்துகொள்ளுங்கள். 50 மைக்ரான் ஸ்லிட்டில் 0.08 முதல் 0.1 வரை இருக்கும். வெப்ப அசைவால் வரும் டாப்ளர் விரிவு ஹைட்ரஜனுக்கு 10,000 கெல்வினில் 0.047 நானோமீட்டர், செம்புக்கு 0.005-க்கும் கீழே. ஹைட்ரஜனின் 0.5-க்கு முன்னால் இவை சிறு திருத்தங்கள். காஸியன், லாரென்சியன் என்ற இரண்டு வடிவங்கள் கலந்த வாய்ட் வடிவத்தில் காஸியன் பகுதியைக் கருவியின் அகலத்தில் கட்டிவைத்துப் பொருத்தினால் போதும். இதே கருவியில் செம்புக் கோட்டின் அகலத்திலிருந்து அடர்த்தி எடுக்கப் போனால், கருவி அகலத்தைக் கழித்தபின் கையில் மிஞ்சுவது பெரும்பாலும் இரைச்சல்தான். ஹைட்ரஜன் ஆல்ஃபாவிலும் தொடக்க நேரத்தில் நைட்ரஜன் அயனியின் 648.2, 661.1 கோடுகள் இரண்டு பக்கமும் ஏறிக் கொள்ளும்; 500 நானோ நொடிக்கு முன்னால் அவற்றையும் சேர்த்துப் பொருத்தாமல் அகலம் கிடைக்காது.

இந்த அடர்த்தியை வைத்து ஒரு தடைக்கல்லைத் தாண்டவேண்டும். போல்ட்ஸ்மன் முறை செல்லுபடியாக, எலக்ட்ரான் மோதல்கள் ஒளிவீச்சை முந்தி நிலைகளைச் சமன் செய்யவேண்டும். அதற்கான குறைந்தபட்ச அடர்த்தியை மெக்விர்டர் நிபந்தனை தருகிறது: 1.6 × 10¹² என்ற எண்ணை, கெல்வின் வெப்பநிலையின் வர்க்கமூலத்தாலும் எலக்ட்ரான் வோல்ட்டில் ஆற்றல் இடைவெளியின் கனத்தாலும் பெருக்க வேண்டும். செம்பின் 3.82 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு, 10,000 கெல்வினில் 8.9 × 10¹⁵ வருகிறது. நம்மிடம் 3.1 × 10¹⁶ இருக்கிறது, தாண்டிவிட்டோம். அதே பொறியில் ஹைட்ரஜனின் 10.2 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு 1.7 × 10¹⁷ வேண்டும். அதற்கு நாம் கிட்டவே இல்லை. ஆகவே ஒரே நொடியில் செம்புக்குச் சமநிலை உண்டு, ஹைட்ரஜனுக்கு இல்லை என்ற நிலை வரலாம். ஹைட்ரஜனை அடர்த்திக்கு மட்டும் வைத்துக்கொண்டு வெப்பநிலைக்குச் செம்பிடம் போவது இதனாலும்தான். நிபந்தனையைத் தாண்டுவது அவசியம், ஆனால் அதுவே போதாது. பொறி வேகமாக விரியும் தொடக்கத்தில், அடர்த்தி ஏராளமாக இருந்தும் சமநிலை பின்தங்கலாம். 'மெக்விர்டர் சரி, ஆகவே சமநிலை' என்று ஒரே வரியில் முடிக்கும் கட்டுரைகளைச் சந்தேகத்தோடு படிக்கலாம்.

பித்தளைக்கு வரும்போது

செம்பில் எல்லாம் சரியாக வந்தபின் பித்தளைத் தகட்டை மாட்டினால் புதிய தலைவலி. துத்தநாகம் 907 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கும், செம்புக்கு 2,562 வேண்டும். நானோ நொடித் துடிப்பின் சூடு பரவும் இடத்தில் துத்தநாகம் முந்திக்கொண்டு ஆவியாகிறது. பொறியின் கலவையும் தகட்டின் கலவையும் ஒன்றாக இருப்பதில்லை. செறிவை உயர்த்தினால் வித்தியாசம் குறையும், அடியோடு போகாது. ஃபெம்டோ நொடி லேசரில் பரப்பு சூடாகிப் பரவுவதற்குமுன் துடிப்பு முடிந்துவிடுவதால் இந்தத் தொல்லை மிகவும் தணியும். அந்த வசதி இல்லாதவர்கள் கலவை தெரிந்த பித்தளைகள் நாலைந்தை வைத்து அளவீட்டுக் கோடு வரைவதைத் தவிர வழியில்லை. அந்தக் கோட்டிலும் துத்தநாகக் கோட்டின் பரப்பை நேரடியாகக் குறிக்காமல், பக்கத்துச் செம்புக் கோட்டால் வகுத்துக் குறிக்கவேண்டும். ஷாட்டுக்கு ஷாட் வரும் 10, 15 சதவீத ஆட்டத்தில் பெரும்பகுதி அந்த வகுத்தலில் கழிந்துவிடும்.

ஒரே இடத்தில் தொடர்ந்து சுடுவதும் இங்கே அதிகம் கெடுக்கும். முதல் ஐந்தாறு ஷாட் ஆக்சைடும் கைரேகைச் சோடியமும்தான். 589-இல் சோடிய ஜோடி மறைவது பரப்பு சுத்தமாகிவிட்டதற்கு நல்ல அடையாளம். அதற்குப் பிறகு முப்பது நாற்பது ஷாட் வரை அளவு நிலையாக இருக்கும். குழி ஆழமானதும் சுவர்கள் பொறியை நெருக்கிப் பிடிக்கும், அடர்த்தி கூடும், குவியமும் நகர்ந்திருக்கும். விகிதங்கள் மெல்ல ஒரு பக்கமாக நகரத் தொடங்கும். சராசரி எடுத்தால் இந்த நகர்வு மறைந்துவிடும், ஆகவே ஷாட்டுகளைத் தனித்தனியாகச் சேமித்து 521-515 விகிதத்தை ஷாட் எண்ணுக்கு எதிராக வரைந்து பாருங்கள். 1.85-ஐ விட்டு அது விலகத் தொடங்கும் ஷாட்டோடு நிறுத்தி, மேடையை அரை மி.மீ. நகர்த்தி, புதிய இடத்தில் மறுபடியும் ஐந்து சுத்தம் செய்யும் ஷாட்டிலிருந்து தொடங்கவேண்டும்.